நானே ஊற்றிக் கொடுத்த டானிக்

மேல் மாடியில் குடியிருக்கும் பெண், கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், போன வாரம் ஒரு பாட்டிலோடு வந்தாள். புளிக்க வைத்த டீயாம். ஓசூரில் இதற்கென்றே இப்போது கடை வந்திருக்கிறதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் பார்த்தேன். பசி எடுக்கும், சோர்வு போகும், தூக்கம் வரும், மனம் மகிழும். அந்தக் கடைசி வரியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன பாட்டி?" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு, இதே வரிய முன்னமே ஒரு பாட்டில்ல படிச்சிருக்கேன்" என்றேன். அவளுடைய கம்பெனி வண்டி வந்துவிட்டது, போய்விட்டாள். மிச்சத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் எங்கள் சேலம் ஜில்லா முழுக்க மதுவிலக்கு. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்தோடு சேர்ந்தவை. சட்டம் என்னவோ கடுமையான சட்டம்தான். ஆனால் அது ரயிலில் வந்தும் சாமல்பட்டியில் இறங்காமலே போய்விட்டது என்பாள் என் அம்மா. சாமல்பட்டி எங்கள் ஊர். என் அப்பா அங்கே குடிக்காத நாள் கிடையாது. பகலில் பேசாத மனிதர், சாயங்காலம் ராஜா மாதிரி வாக்குக் கொடுப்பார். வளையல், பாவாடை, ஒரு தடவை குதிரைகூட. "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு, போய்ப் படுடி" என்பாள் அம்மா. நான் படுத்துக்கொண்டு குதிரைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்பேன்.

அதனால் என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று. நகை வேண்டாம், குடிக்காத ஆள் வேண்டும். வந்தவர் மத்திகிரியில் வீடு எடுத்துத் தங்கி ஓசூர் லாரி ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். எங்கள் வீட்டு பைபிள்மேல் கை வைத்து, "தொட மாட்டேன்" என்றார். அம்மா அழுதேவிட்டாள். எனக்கும் அது போதும் என்றிருந்தது.

மத்திகிரிக்கு வந்தால் யாரையும் தெரியாது. ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம். நான் கை ஜாடையிலேயே உப்பு கடன் வாங்கினேன். அந்த நேரத்தில் எனக்கு அண்ணனாக அமைந்தவர் மருந்துக்கடை நஞ்சப்பா. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஏன் தங்கி, முகம் வாடியிருக்கு?" என்பார். தங்கி என்றால் அவர்கள் பாஷையில் தங்கச்சி. கூடப் பிறந்தவன் இல்லாத எனக்கு அந்த ஒரு சொல்லுக்காகவே தலைவலி வரும்.

என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து சோர்ந்து வருகிறார், சாப்பிட்டதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார் என்று நஞ்சப்பண்ணாவிடம் போய்ச் சொன்னேன். அண்ணன் யோசித்துவிட்டு ஒரு திராட்சை டானிக்கை எடுத்து வைத்தார். லேபிளில் கடைசி வரி, மனம் மகிழும். "ரத்தம் இல்ல தங்கி, அதான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால குடு. உன் கையால குடு, அப்பத்தான் ஒழுங்கா குடிப்பாரு."

மூடியைத் திறந்தால் கிராம்பும் பட்டையும் வெல்லப்பாகும் கலந்து அப்படி ஒரு வாசனை. என் அப்பாவின் வாசனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் ருசி பார்க்கவில்லை. புருஷன் மருந்தை யாராவது ருசி பார்ப்பார்களா? சின்ன டம்ளரில் ஊற்றி, கூடவே ஒரு ஜெபமும் சொல்லிக் கொடுத்தேன்.

மருந்து வேலை செய்தது. மனிதர் பேச ஆரம்பித்தார். லாரி டிரைவர்கள் கதை, மேனேஜரின் நடை, அவருடைய சின்ன வயது, எல்லாம். ஒரு நாள் என் கையைப் பிடித்து, "நீ வந்தப்புறம்தான் இது வீடு" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். ரத்தம் ஊறுகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். நஞ்சப்பண்ணா அளவைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார், கூட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. நல்ல வெயில். போதகர் மனைவி, பாவம், உபவாசம் இருந்து வந்தவர், கிறுகிறுத்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். "இருங்கம்மா, எங்க ஊட்டு மருந்து இருக்கு" என்று நான் ஓடிப்போய் டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாயில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"யாருக்கும்மா குடுக்கற இத?"

"அவருக்குத்தான். தினம் ராத்திரி."

"இது சாராயம்மா. சக்கரையும் கிராம்பும் போட்ட சாராயம்."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. ஒருத்தி புடவை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு முனிரத்னம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நெஜமாவே உனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாலருந்து அவரு அந்த மருந்துக்கடையிலதானே குடிப்பாரு. புருஷனுக்குப் பதமா ஊத்திக் குடுக்கற கெட்டிக்காரினு நாங்க பேசிக்குவோம்."

அன்றைக்கே கடைக்குப் போனேன். ஏன் அண்ணா என்று மட்டும்தான் கேட்க வந்தது. அவர் மழுப்பவில்லை. "அவரே வந்து சொன்னாரு தங்கி, அவகிட்டயே குடுத்தனுப்புங்கனு. எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போய்க் குடிச்சா வர்ற வழியில போலீஸ்காரன் வாய ஊதச் சொல்றான். இங்கேயே வார்னிஷக் குடிச்சுக் கண்ணு போனவன நீயே பாத்திருக்க. உன் புருஷனுக்கு அப்படி ஆவலாமா? வூட்டுல, உன் கையில, சுத்தமானதா குடிக்கட்டுமேனுதான்."

அவர் சொன்னதில் பாதி நியாயம். நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷைக் குடித்துவிட்டுத் தடவித் தடவி நடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை என்னிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே. தங்கி என்று கூப்பிட்ட வாய்தானே?

வீட்டில் இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "நான் சத்தியத்த மீறல. மருந்துனு எழுதியிருக்கு பாரு. அதுவுமில்லாம, ஊத்துனது நீதானே?" என்றார்.

பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவரும் தடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் குடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பேச்சும் அதோடு போயிற்று. மறுபடியும் சுவர். நான் ராத்திரிகளில் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். நீ வந்தப்புறம்தான் வீடு என்றது யார்? இவரா, திராட்சையா? அம்மாவின் பழமொழியை வைத்துப் பார்த்தால் விடிந்ததும் போயிருக்க வேண்டும். எனக்கு அது போகவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நஞ்சப்பா சொந்த ஊருக்கே போய்விட்டார், அதற்குப் பின் நான் வெளி மனிதர் யாரையும் அண்ணா என்றதில்லை. மதுவிலக்கும் போயிற்று. இன்றைக்கு அத்திப்பள்ளிக்கு யாரும் தாகத்துக்காகப் போவதில்லை. இவரும் போய்ச் சேர்ந்து நெடுநாளாகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டானிக்கை நிறுத்தி வெகு காலம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். ராயக்கோட்டைக்குப் போன லாரியில் ஒரு எருமைக்கன்று ஏறிக்கொண்டதாம். டிரைவருக்கே தெரியாதாம். "அவன் வழியில நிறுத்திட்டு, பின்னால போய்ப் படுதாவத் தூக்குனா பாரு" என்று கையை விரித்தார். நான் கரண்டியோடு எழுந்து, கிட்டே போய், அவர் வாயருகே மூச்சை இழுத்தேன்.

வெற்றிலை வாசனைதான் இருந்தது.

அவர் கையைக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். படுதாவைத் தூக்கினால் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.