அலுவலக முகவரியில் குடியிருந்தவள்

கோ பெய்யுன்னின் பெயர், யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று பதியும் எங்கள் குடும்பப் பதிவு அலுவலகத்துக்கு 2016 ஏப்ரல் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் வரவில்லை. அவளுடைய சித்தப்பா கோ ஜின்ஃபா வந்தார். கையில் வீட்டுப் பத்திரம், வரி ரசீது, பெயர் பொறித்த முத்திரைக் கட்டை எல்லாம் இருந்தன. இறந்துபோன தன் அண்ணனின் மகள் பெயர் இன்னும் தன் வீட்டுப் பதிவில் இருப்பதாகவும், அவள் அங்கே குடியிருக்கவில்லை என்பதால் பெயரை நீக்க வேண்டும் என்றும் சொன்னார். அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

அவருக்குத் தெரியும். அவளுடைய பதினோராவது வயதில் குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் விட்டவரே அவர்தான். இது பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. அன்று தெரிந்திருந்தாலும் படிவத்தில் அதற்கு ஓர் இடம் கிடையாது.

முறைப்படி அவளுக்கு அறிவிப்பு அனுப்பினோம். பதிவில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் அனுப்ப வேண்டும். அந்த வீட்டில் சித்தப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கெடு முடிந்தது, பதில் இல்லை. வீட்டுக்காரர் நீக்கச் சொல்லி, போக வேறு இடமும் தெரியாத ஒருவரின் பெயரை எங்கள் அலுவலகத்தின் முகவரிக்கே மாற்றிவிடுவோம். மே 20ஆம் தேதி மாற்றினேன். அப்போது எங்கள் அலுவலக முகவரியில் நாற்பது பேர் இருந்தார்கள். கடன்காரர்கள், தலைமறைவானவர்கள், செத்துப்போய் யாரும் வந்து சொல்லாதவர்கள். இவள் நாற்பத்தொன்றாவது ஆள். வயது பதினெட்டு.

அவளை நான் நேரில் பார்த்தது அக்டோபர் 3ஆம் தேதி. பர்ஸ் தொலைந்துபோய் அடையாள அட்டைக்குப் புதுப் பிரதி கேட்டு வந்தாள். குட்டையான உருவம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை அவளே கம்பி வைத்துக் கட்டியிருந்தாள். அட்டையை வாங்கி, எல்லாரும் செய்வதுபோல முன்பக்கப் படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுத் திருப்பினாள். பின்பக்கம் முகவரி. படித்தாள். தலையைத் தூக்கி எங்கள் சுவரில் மாட்டியிருந்த முகவரிப் பலகையைப் படித்தாள்.

"சார், இந்தக் கட்டடத்துல நான் எந்த மாடியில குடியிருக்கேன்? சாவியக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே மெத்தையக் கொண்டாந்துடுவேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. நான் விதியை விளக்கினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, இதை மாற்ற என்ன வழி என்று கேட்டாள். உன் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு வீட்டுக்காரர் வேண்டும் என்றேன். அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஐந்தரை வருடம் ஆயிற்று.

அப்போது அவள் இருந்தது இல்லத்தை விட்டு வெளியேறும் பெண்களுக்காக ஒரு சங்கம் நடத்திய விடுதி. ஆறு பெண்கள், இரண்டு வருடம், இரவு பத்துக்குக் கதவடைப்பு. பெண்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அங்கே யார் பெயரையும் பதிவு செய்வதில்லை. 2017 ஆகஸ்டில் அவளுடைய இரண்டு வருடம் முடிந்தது. சங்கத்தார் ஒரு சோறாக்கும் பாத்திரமும் இரண்டு போர்வையும் கொடுத்து வழியனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அவள் இருந்த இடங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கு வரும் அரசுக் கடிதங்கள் எங்கள் அலுவலக அலமாரிக்குத்தான் வரும். நான் தொலைபேசியில் கூப்பிடுவேன், வந்து வாங்கிப்போவாள். ஒவ்வொரு முறையும் வேறு தெருவிலிருந்து வருவாள். முதலில் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் தகரம் போட்ட அறை; கோடையில் சுவரில் கை வைக்க முடியாது, தரையை நனைத்து அதில் படுப்பேன் என்றாள். அடுத்தது ஒரே வீட்டைப் பலகையால் ஏழாக அடைத்ததில் ஓர் அறை. பக்கத்து அறைக்காரன் நகம் வெட்டுவதுகூடக் கேட்கும். அப்புறம் சிநேகிதியின் அத்தை வீடு. வாடகை கிடையாது, ஆனால் அத்தையின் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து, நேரம் ஒத்துவராமல் அங்கிருந்தும் கிளம்பினாள். அந்த வேலைக்குப் போனபோது முதலாளி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ யாரிடம் கடன் வாங்கிவிட்டு ஓடுகிறாய் என்று கேட்டாராம். மூன்று மாதம் கல்லாப் பக்கம் விடவில்லை.

எந்த வீட்டுக்காரரும் பெயரைச் சேர்க்கச் சம்மதிக்கவில்லை. வாடகைக்கு விடுவதை அவர்கள் வரிக்காரரிடம் சொல்வதில்லை. குடியிருப்பவர் பெயர் பதிவேறினால் தெரிந்துவிடும். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வார்கள். பலகை அறையின் சொந்தக்காரி கேட்டதை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"நீ என் வீட்டுக்கு வாடகைக்கு வர்றியா, இல்ல மருமகளா வர்றியா? பேரு சேக்கணுமாமே!"

அதற்கு நீ என்ன சொன்னாய் என்றேன்.

"உங்க பையனப் பாத்துட்டுச் சொல்றேன்னேன் பெரியப்பா. கதவ மூடிட்டாங்க."

எப்போதிருந்து என்னைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்பது மட்டும் எனக்கு நினைவில்லை. அதை நான் குறித்து வைக்கவில்லை.

2019இல் ஆற்றங்கரையில் மாநகராட்சியின் வாடகைக் குடியிருப்பு ஒன்று எழும்பியது. பன்னிரண்டு மாடி. இல்லங்களிலிருந்து வெளியேறி, வீட்டுக்குத் திரும்ப முடியாத இளைஞர்களுக்கு அதில் சில வீடுகள் ஒதுக்கியிருந்தார்கள். விண்ணப்பிக்கும்போது இருபத்தைந்து வயது நிரம்பாதவராக இருக்க வேண்டும். இந்த நகரத்தின் பதிவில் இருக்க வேண்டும். எங்கள் அலுவலக முகவரியும் இந்த நகரத்து முகவரிதான். விண்ணப்பித்தாள். குலுக்கலில் காத்திருப்போர் பட்டியலில் அறுபத்து மூன்றாம் இடம் வந்தது.

மாதிரி வீட்டைத் திறந்துவைத்த நாளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரே அறை, ஒரு ஜன்னல், துணி காயப்போட ஒரு கைப்பிடிச் சுவர். அவளுக்கு அதில் எது பிடித்தது என்று கேட்டேன். கதவுக்குப் பக்கத்தில் எண் பொறித்த தகடு என்றாள். பெயரை அங்கேயே பதிவு செய்துகொள்ளலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம் என்று அங்கிருந்த பெண் ஊழியர் சொன்னாராம். அதன் பிறகு அவள் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பட்டியல் எண்தான் அவள் பேச்சு. நாற்பத்தெட்டு ஆயிற்று. முப்பது. பத்தொன்பது. 2022 ஜனவரியில் நான்கு. அந்த ஆகஸ்ட் 18ஆம் தேதி அவளுக்கு இருபத்தைந்து நிரம்ப இருந்தது; அதன் பிறகு புதிதாக விண்ணப்பிக்க முடியாது. சீக்கிரம் நாலு பேர் காலி செய்ய மாட்டார்களா என்று கேட்டாள். செய்வார்கள் என்றேன்.

பிப்ரவரியில் பலகை அறைகளைத் தீயணைப்புத் துறை இடிக்கச் சொன்னது. அத்தை வீட்டை விட்டபின் அவள் மறுபடி அங்கேதான் இருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நகரத்தில், முடி திருத்தும் கடை வைத்திருந்த பாவ்ஜூ என்ற பெண்மணி தன் கடைக்குப் பின்னாலிருந்த அறையைக் கொடுத்தார். அவரே வலிய வந்து, பெயரைப் பதிந்துகொள், அதனால் எனக்கு என்ன குறைந்துவிடப்போகிறது என்றாராம்.

மார்ச் 9ஆம் தேதி, புதன்கிழமை, பெய்யுன் ஓட்டமாக வந்தாள். என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டாள். துண்டுச் சீட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தம், சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது, அடையாள அட்டை, புதுப் படம். மாலைக்குள் ஐந்தையும் கொண்டுவந்தாள், சரிபார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அலுவலக முகவரிப் பட்டியலில் பார்க்கும்போதெல்லாம் உறுத்திய பெயர் அது. போகிறது என்றால் நல்லது என்று நினைத்தேன். மறுநாள் அந்த நகரத்தில் பதிந்துவிட்டதாகக் கணினியில் தகவல் வந்தது. கோடு போட்டு அடித்தேன்.

காத்திருப்போர் பட்டியலில் அவள் நான்காம் இடத்தில் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இந்த நகரத்தின் பதிவில் இருக்க வேண்டும் என்ற விதியும் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. ஐந்தரை வருடமாக ஒரு முகவரிக்கு அலைந்தவள், முகவரி கிடைத்தால் எதையாவது இழப்போம் என்று எப்படி நினைப்பாள்? நான் நினைத்திருக்க வேண்டும்.

மார்ச் 29ஆம் தேதி வீட்டுவசதித் துறையின் கடிதம் பழைய முகவரிக்கே, அதாவது எங்களிடமே, வந்தது. கூப்பிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து என் மேசையில் வைத்துப் பிரித்தாள். ஏழாம் மாடியில் ஒரு வீடு அவளுக்கு. பதினைந்து நாளுக்குள் குடும்பப் பதிவு நகலுடன் வந்து கையெழுத்திட வேண்டும். நகலை எடுத்துத் தாருங்கள் என்றாள். கணினியில் அவள் எண்ணைத் தட்டினேன். மார்ச் 10, வெளியேறினார் என்று வந்தது.

திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

இரண்டு முறை படித்தாள். பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அன்னிக்கு அந்தச் சீட்டுல ஆறாவதா ஒரு வரி எழுதியிருக்கலாமில்ல, பெரியப்பா?"

வீட்டுவசதித் துறைக்கு நானே தொலைபேசியில் பேசினேன். அழைப்புக் கடிதத்தின் தேதியில் பதிவு இருக்க வேண்டும், இல்லை, எனவே ரத்து. மறுபடி எங்கள் அலுவலக முகவரிக்கே போய்விடுகிறேன் என்றாள் அவள். விரும்பி யாரும் இங்கே பதிய முடியாது, வேறொருவர் வெளியேற்றினால்தான் முடியும், அதுவும் இப்போது வெளியேற்றினால் அந்த நகரத்து அலுவலகத்துக்குத்தான் போகும் என்றேன். ஒரு வழிதான் மிச்சமிருந்தது. ஜூன் 30ஆம் தேதியோடு அந்த ஆண்டின் புது விண்ணப்பம் முடியும். அதற்குள் இந்த நகரத்தில் ஒரு வீட்டில் பெயர் பதிந்தால், வயது இருபத்தைந்து நிரம்பு முன் மறுபடி வரிசையில் நிற்கலாம்.

அவளுக்கு இந்த நகரத்தில் இனிக் கேட்க மிச்சமிருந்த வீட்டுக்காரர் நான் ஒருவன்தான். ஏப்ரல் 6ஆம் தேதி மதியம், அலுவலகத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் எனக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் சோறும் குழம்பும் வாங்கிவைத்துவிட்டுக் கேட்டாள். குடியிருக்காத இடத்தில் பெயர் பதிவது பொய்ப் பதிவு. அதற்காக முப்பத்தொரு வருடமாக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அபராதமும் போட்டிருக்கிறேன் என்றேன். அவள் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"பொய் வேண்டாம் பெரியப்பா. உங்க பையன் ரூம் சும்மாதானே கெடக்கு? மூணு மாசம் நெசமாவே வந்து இருக்கேன். வாடகை குடுக்கறேன். காலையில போனா ராத்திரிதான் வருவேன். பெரியம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

அதில் ஒரு விதிமீறலும் இல்லை. என் மகன் ஒன்பது வருடமாகத் தெற்கே வேறு ஊரில் இருக்கிறான். அவன் அறையில் என் மனைவி இஸ்திரி மேசையும் காய்ந்த பூண்டும் வைத்திருக்கிறாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

என் மனைவி கொடுமைக்காரி இல்லை. பெய்யுன்னைப் பற்றி நான் சொல்லக் கேட்டு இரக்கப்பட்டவள்தான்.

"பாவம்தான். யாரு இல்லேன்னா? ஆனா உள்ள வந்தவள மூணு மாசம் கழிச்சு வெளிய போன்னு யாரு சொல்றது, நீங்களா? உங்க வாயிலேர்ந்து அது வருமா? அவளோட சித்தப்பனாலேயே லேசுல முடியல, உங்க ஆபீசு வரைக்கும் வர வேண்டியதாப் போச்சு."

அவள் கேட்டது எனக்கும் இருந்த பயம்தான். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. பெய்யுன் இரண்டு முறை கூப்பிட்டாள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஜூன் 21ஆம் தேதி நேரில் வந்து அலுவலக வாசலில் நின்றாள். என் மகன் மாதக் கடைசியில் ஊருக்கே திரும்பி வருகிறான், அறை வேண்டியிருக்கிறது என்றேன். அவன் வரவில்லை, வருவதாகவும் இல்லை. உத்தியோகத்தில் ஒரு தேதியைக்கூட நான் தவறாகச் சொன்னதில்லை.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

"இல்ல பெரியப்பா, நீங்க தப்பா ஒண்ணும் செய்யல. எங்க சித்தப்பா பேப்பர் எல்லாம் சரியா வெச்சிருந்தாருன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க எழுதிக் குடுத்த சீட்டும் சரி. பாவ்ஜூ அக்காவும் மனசாரத்தான் பேரு சேத்தாங்க. இதுவரைக்கும் எனக்கு யாருமே தப்பா எதுவும் செஞ்சதில்ல."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்தின் பக்கம் போனாள்.

ஜூன் 30 கழிந்தது. அவள் பெயரில் விண்ணப்பம் போகவில்லை. ஆகஸ்ட் 18ஆம் தேதி அவள் எண்ணுக்கு ஒருமுறை கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் நான் ஓய்வுபெற்றேன். பாவ்ஜூவின் கடை இப்போது கைப்பேசி உறை விற்கும் கடையாகிவிட்டது. அங்கே கேட்டதில், பின்னறைப் பெண்ணைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏழாம் மாடி வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது பட்டியலில் ஐந்தாம் இடத்தில் இருந்த பையனுக்குப் போயிற்று. ஜூலை 5ஆம் தேதி தன் பெயரை அந்த முகவரியில் பதிய என் மேசைக்கே வந்தான். அவனும் ஓர் இல்லத்தில் வளர்ந்தவன்தான். நல்ல பையன். தனக்கு முன்னால் ஒருவர் விட்டுக்கொடுத்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது, அவர் யாரென்று தெரியுமா சார் என்று கேட்டான். அது சொல்லக் கூடாத தகவல் என்றேன். முத்திரை வைத்து, அட்டையை அவனிடம் கொடுத்தேன்.