மெயின் சுவிட்சில் மஞ்சள் தண்ணீர்

தென்காசிக்கு வெளியே ஒரு நூற்பாலையில், மின்பராமரிப்புப் பிரிவின் உதவி மேலாளராக இருந்தேன். ஒரு நாள் மேலாளர், அறுந்துபோன இயந்திர பெல்ட்டாலேயே அடித்து ஃபிட்டர் ஒருவரின் முதுகைக் கிழித்தார். விபத்து என்று அறிக்கை எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பிறகு வேலையை விட்டபோது, ராஜினாமாக் கடிதத்தில் மூன்று காரணங்களை வரிசையாக எழுதினேன். அந்தக் கையெழுத்து அதில் இல்லை.

மின் ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்கியதும் கிடைத்த முதல் வேலை, குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் ஒரு புது விடுதிக்கு வயரிங். நானும் ஒரு வயர்மேனும்தான். சாரல் சீசனுக்கு ஆட்கள் வரும் முன் விளக்கு எரிந்தால், தன் சொந்தக்காரர்கள் கட்டும் விடுதிகளும் எனக்குத்தான் என்று விடுதி முதலாளி சொல்லியிருந்தார்.

முதல் விளக்குப் போடும் காலை, மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். வெளிப்புறம்தானே என்று விட்டுவிட்டேன். நான் மீட்டருக்குப் பக்கத்திலிருந்த பியூஸைச் செருக, வயர்மேன் கைப்பிடியை மேலே தள்ளினார்.

பெட்டி வெடித்தது. மூடி பறந்து எதிர்ச்சுவரில் மோதியது. அவருடைய வலது கையில் முழங்கை வரை தோல் உரிந்து தொங்கியது. பியூஸைப் பிடுங்கிவிட்டுத் திரும்புவதற்குள், முதலாளி மிச்சம் கிடந்த தேக்குச் சட்டத்தை எடுத்து, கீழே விழுந்தவரை அடிக்கத் தொடங்கியிருந்தார்.

“ஏலே, நல்ல நாளும் அதுவுமா எங்கட்டடத்தக் கொளுத்தவா வந்தே? பொம்பளைட்ட வேலையக் குடுத்தேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்!”

சட்டத்தைப் பிடித்தேன். அதிலிருந்த ஆணி என் உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை.

“அந்தாள அடிக்காதிய. நாந்தான் பெட்டியத் தொறந்து மஞ்சத்தண்ணி விட்டேன்,” என்றார் வாசலில் நின்ற முதலாளியின் மனைவி. “புதுச் சாமானுக்கு உள்ளயும் தெளிக்கண்டாமா?”

முதலாளி அவரை அறைந்தார். உதடு கிழிந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

“கரண்ட் ஆபீசுக்கு, வயர்மேன் தப்புன்னு எழுதித் தாம்மா. வேற பெட்டி மாட்டு. மத்த வேலையும் ஒனக்குத்தான்.”

நோட்டில் எழுதினேன், தாளில் ரத்தம் பட. ஒன்று, சுவிட்சுக்குள் மஞ்சள் தண்ணீர். இரண்டு, முந்தின மாலை சோதித்ததோடு நான் நிறுத்திக்கொண்டேன்; காலையில் மறுபடி சோதிக்கவில்லை. மூன்று, வயர்மேன் நான் சொன்னதைத்தான் செய்தார். கிழித்துக் கொடுத்தேன்.

படித்தார். கசக்கி என் முகத்தில் எறிந்தார்.

“இந்தக் குத்தாலத்துல இனி ஒரு பல்பு மாட்டிருவியா நீ?”

மாட்டவில்லை. அந்தச் சீசன் முழுக்க ஒரு விடுதியிலும் என்னைப் படியேற விடவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது, வேறு ஒப்பந்தக்காரரிடம் போகும்படி வயர்மேனிடம் சொன்னேன்.

“போயி? அங்கனயும் ஒருத்தன் அடிப்பான். குறுக்க விழ நீங்க இருப்பியளா?” என்றார்.

ஆலங்குளத்தில் ஒரு கிணற்று மோட்டார் வேலை கிடைத்தபோது, அவருக்கு இடது கைதான் உதவியது. கிணற்றில் நான் இறங்கினேன். மேலே நின்று அவர் திட்டித் திட்டி வழி சொன்னார்.