கடற்கரைக் கிணறும் செங்கோடண்ணனும்

செங்கோடண்ணன் போய்விட்டார். காலையில் மோகனூரிலிருந்து போன். தொண்ணூற்று ஏழு வயது... தூக்கத்திலேயே.

அப்போதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன். இடுப்பு ஆபரேஷன் ஆனவனைக் காரில் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள் வீட்டில். அதனால்தான் ஃபேஸ்புக்கில் ஒற்றை விரலால் இந்த டைப்பிங். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கும் எனக்கும் ஒரே தொழில், கிணறு வெட்டுவது. நாற்பதுகளில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பெரும் புயல் அடித்து, குடிதண்ணீர்க் கிணறுகளில் எல்லாம் கடல் புகுந்துவிட்டது. கிணற்று ஆட்கள் வேண்டும் என்று எங்கள் மோகனூருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆறு பேர் பரிசலில் காவிரியைத் தாண்டிப் போய்க் கரூரில் ரயில் ஏறினோம். எனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

முதன்முதலில் கடலைப் பார்த்ததும் அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அக்கரை எங்கடா, காணோமே?" என்றார். காவிரிக்கரைக்காரர், வேறென்ன கேட்பார்!

ஊர் ஊராகப் போனோம். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. சேறு வாரினோம், உப்புத் தண்ணீரை இறைத்தோம், மிச்ச நேரத்தில் குடிசைகளுக்குக் கீற்று வேய்ந்தோம். அண்ணனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சோற்றில் கை வைத்துக்கொண்டே அடுத்த ஊர் எது என்று கேட்பார்.

நான்காவது ஊர்... இதைத்தான் எழுத வந்தேன். நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அங்கே பழைய கிணறு மூடிப்போனதால் புதிதாக ஒன்று வெட்டினோம். பத்தடியிலேயே நல்ல தண்ணீர். மற்ற நாலு பேரும் பக்கத்து ஊரில் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள், அண்ணன் கூரை வேயப் போயிருந்தார், கிணற்றுக்குள் நான் மட்டும். ஒரு மீனவப் பெண் எட்டிப் பார்த்து, "போதும்ப்பா, ஏறி வா. அதுக்குக் கீழ கடலு கெடக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் பாறையை உடைத்து அறுபதடி இறங்கினால்தான் கிணறு. "நீங்க சும்மா இருங்கக்கா. இன்னும் ஒரு ஆள் ஆழம் எறக்குனா எளநியாட்டம் வரும், பாருங்க" என்று சொல்லிவிட்டு மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண்தான் முதல் குடம் எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள், துப்பினாள். ஒரே உப்பு. அந்த ஊருக்கு வேறு கிணறு இல்லை.

"யாருய்யா தோண்டுனது?" கூட்டம் கூடிவிட்டது. நான் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அண்ணன் முன்னால் போய், "நாந்தாங்க" என்றார்.

நாங்கள் ஐந்து பேர் ஊர் திரும்பினோம். அவர் மட்டும் தங்கி, தள்ளி ஓர் இடத்தில் பத்தடியோடு நிறுத்தி வேறொரு கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டுத் தை கழிந்துதான் வந்தார்.

கிளம்பும்போது, "ஊர்ல உண்மையச் சொல்லிடறேங்கண்ணா" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம், போ சாமி. அப்பறம் உன்னைய ஆரு கெணத்துக்குள்ள எறக்குவாங்க?"

அவரைத்தான் யாரும் இறக்கவில்லை. கூட வந்தவர்கள் சொன்ன கதையில் 'உப்புக்கெணத்துச் செங்கோடன்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் வாழைத்தார் சுமந்தார். நான் எத்தனையோ கிணறு வெட்டினேன். அந்தப் பெயரைச் சொல்லி அவர் எதிரிலேயே சிரித்தவர்களோடு நானும் சிரித்திருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் அவர் மகன் அஞ்சலி பேனரை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதிலும் அதே பெயர். உடனே போன் போட்டேன். "அது நான் தோண்டினதுப்பா" என்றேன்.



"என்னங்க சித்தப்பா சொல்றீங்க... நாந்தான் கெடுத்துப்போட்டேன்னு அப்பா எங்ககிட்டயே சொல்லியிருக்காருங்களே."

பெற்ற பிள்ளைகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை...

அண்ணா, தோண்டினது நான். ஊருக்கே சொல்லிவிட்டேன், இனி நீங்கள் தடுக்க முடியாது.

போய்ட்டு வாங்கண்ணா.