பூமிக்குக் காற்றடித்த சமாதானம்மா

அந்த அறிவியல் அருங்காட்சியகத்தில் போர் தரைத்தளத்தில் இருந்தது. சமாதானம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும்.

இதில் யாருடைய சதியும் இல்லை. பீரங்கியை மாடிக்குத் தூக்க முடியாது, அவ்வளவுதான். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தால் எதிரில் பீரங்கி, பக்கத்தில் வயிற்றைக் கிழித்துக் காட்டிய நீர்மூழ்கிக் கப்பல். எதைத் தொட்டாலும் சத்தம். ஒரு பொத்தானை அழுத்தினால் குண்டு வெடிக்கும், இன்னொன்றை அழுத்தினால் சைரன் அலறும். மேலே சமாதானக் கூடத்திலோ தலைவர்கள் கைகுலுக்கும் புகைப்படங்கள்தான். அழுத்துவதற்கு ஒரு மண்ணும் கிடையாது. நடுவில் ரப்பர் துணியில் செய்த பெரிய பூமி உருண்டை ஒன்று காற்று இறங்கி, காயப்போட மறந்த போர்வைபோலச் சுருண்டு கிடந்தது. திறப்பு விழாவன்று ஊதினார்கள். அமைச்சர் கார் ஏறுவதற்குள் இளைத்துவிட்டது. அமைச்சரும் திரும்பி வரவில்லை, காற்றும் திரும்பி வரவில்லை.

கீழ்க்கூடத்தைப் பார்த்துக்கொண்டவரைப் பீரங்கிக்காரர் என்றும், மேல்கூடத்தைப் பார்த்துக்கொண்டவரைச் சமாதானம்மா என்றும் எல்லோரும் கூப்பிட்டார்கள். இருவரும் புருஷன் பெண்டாட்டி.

சமாதானம்மா முதலில் டிக்கெட் கவுண்டருக்குத்தான் வேலைக்கு வந்தார். பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டு டிக்கெட்டைக் குறுக்கே கிழித்துவிடுவார். அதற்காக மன்னிப்புக் கேட்க வந்த இளைஞர்தான் பீரங்கிக்காரர். தினமும் வெடித்தார், தினமும் வந்து மன்னிப்புக் கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் வெடிப்பது மட்டும் தொடர்ந்தது.

சமாதானக் கூடம் திறந்தபோது சமாதானம்மா மேலே போனார். மழைக்கு ஒதுங்கியவர்கள், ஒதுங்க மழை தேவைப்படாத காதலர்கள், கழிப்பறை தேடி வழிதவறியவர்கள் என்று வந்தவர்களை எல்லாம் உலக சமாதானத்தைத் தேடி வந்தவர்களாகவே பாவித்து வரவேற்பார். மதியச் சாப்பாட்டுக்குப் பீரங்கிக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வருவார். கீழே குண்டுச் சத்தத்தில் ஒரு வாய் நிம்மதியாக விழுங்க முடியாது என்பது அவர் வாதம். அப்படி உட்கார்ந்து இருவரும் பேசித் தீர்த்த விஷயங்களை எந்த மாநாடும் தீர்த்திருக்காது.

இந்த ஏற்பாட்டில்தான் ஒருநாள் டைரக்டர் கைவைத்தார். மேல்கூடத்துக்கு ஈ காக்கை வருவதில்லை, ஆகவே அதை மூடிவிட்டு ஆளில்லா விமானங்களைத் தொங்கவிடப் போகிறோம், அவை லேசானவை, மாடிக்கே ஏறும் என்றார். சமாதானம்மாவுக்கு நிலவறையில் பார்வையாளர்களின் குடையையும் பையையும் வாங்கி வைக்கும் வேலை. ஆலோசனைக் குழுவினர் இரண்டு பேர் அடுத்த வாரம் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டால் முடிந்தது.

“அப்போ நாங்க எங்க உக்காந்து சாப்பிடறது?” என்று பீரங்கிக்காரர் கேட்டார். டைரக்டருக்கு அது நிர்வாகக் கேள்வியாகவே படவில்லை.

சமாதானம்மா அழவில்லை. கீழே இறங்கிப் போய்ப் புருஷனின் கூடத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தார். எதிரி எதில் ஜெயிக்கிறான் என்று தெரிய வேண்டாமா?

கூட்டம் அதிகம் மொய்த்தது பீரங்கியிடம் அல்ல, ஏவுகணைப் பலகையிடம். இரண்டு முனையில் இரண்டு சாவி. ஒருவரே இரண்டையும் பிடிக்க எட்டாத தூரம். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகிப் பிடித்தால்தான் ஏவுகணை கிளம்பும் சத்தம் வரும். கையை எடுத்தால் சாவி தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஒரு பைத்தியக்காரன் தனியாக உலகத்தை அழித்துவிடக் கூடாது என்பதற்காக நிபுணர்கள் செய்த ஏற்பாடு. இரண்டு பைத்தியக்காரர்கள் சேர்ந்து கேட்டால் மறுப்பதற்கில்லை. தனியாக வந்தவர்கள் கூட “சார், அந்தச் சாவியக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?” என்று முன்பின் தெரியாதவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். திருகி முடித்ததும் சிரித்துக்கொண்டே பேர் விசாரித்தார்கள்.

அன்று மாலை சமாதானம்மா தன் கோரிக்கையை வைத்தார். அந்தப் பலகை மேலே வர வேண்டும். அதைத் திருகினால் பூமி ஊத வேண்டும்.

பீரங்கிக்காரர் துள்ளிக் குதித்தார். தன் கூடத்தில் ஒரு திருகாணியைக் கூடத் தரமாட்டேன் என்றார். வேண்டுமானால் ஒரு சுவிட்ச் போட்டுத் தருகிறேன் என்று இறங்கிவந்தார்.

“ஒரு சுவிட்ச் போட்டா ஒருத்தர் வந்து அழுத்திட்டுப் போயிடுவாரு. ரெண்டு சாவின்னா இன்னொருத்தரக் கூட்டிட்டு வரணும்ல? கூட்டம் அப்பவே ரெட்டிப்பு” என்றார் சமாதானம்மா. தத்துவம் எதுவும் இல்லை, வெறும் கணக்கு.

பீரங்கிக்காரர் மசியவில்லை. மறுநாளிலிருந்து அவர் காபியில் சர்க்கரை நின்றது. அதற்கடுத்த நாள் பாலும் நின்றது. பொருளாதாரத் தடை எந்த நாட்டையும் பணியவைத்ததில்லை என்று அவர் கறுப்புக் காபியைக் குடித்தபடியே சொன்னார். ஆனால் அன்று மதியம் சாப்பிட வந்தவர், நிலவறையில் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மனைவியை மனதுக்குள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பாத்திரத்தை மூடிவிட்டு, காற்றடிக்கும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தார். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கருகிப்போயிருந்தது சுவிட்ச் மட்டும். இத்தனை வருடம் உலகம் சுருண்டு கிடந்ததற்கு அதுதான் காரணம்.

குழு வருவதற்கு முதல்நாள் பலகை மாடியேறியது. கீழே ஏவுகணைக்கு முன்னால் “பழுதுபார்க்கப்படுகிறது” என்று அட்டை தொங்கியது. சாமான் பற்றாக்குறையால் ஒரு போர் நிற்பதைப் பீரங்கிக்காரர் அன்றுதான் பார்த்தார். கருகிய சுவிட்சுக்குப் பதில் இரண்டு சாவியையும் மோட்டாரில் இணைத்து, பூமிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகப் பிரித்து வைத்து ஊதிப் பார்த்தார்கள். கை வலித்துச் சாவியை விட்டதும் மோட்டார் நின்று, காற்று மூடி திறந்து, பூமி மெல்ல அடங்கியது. யாராவது கையை எடுக்காமலே இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. கை வலிக்காதவர் யார் இருக்கப் போகிறார்?

குழு வந்தது. ஒருவர் ஓய்வுபெற்ற தளபதி, இன்னொருவர் பேராசிரியர். இளமையில் பேராசிரியர் ராக்கெட் செய்தார், தளபதி அதைச் சுட்டுப் பார்த்தார். ஒரே கூடாரத்தில் தூங்கியவர்கள். பிறகு பேராசிரியருக்கு ஞானம் வந்து, போர் முட்டாள்தனம் என்று பத்திரிகையில் எழுதினார். எந்த முட்டாளைச் சொல்கிறார் என்று தளபதி பதில் எழுதினார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை பத்திரிகை வழியாக மட்டும்தான்.

வந்த இடத்திலும் டைரக்டரை நடுவில் வைத்தே நடந்தார்கள். சமாதானம்மா ஒருவருக்கு இந்தச் சாவியையும் இன்னொருவருக்கு அந்தச் சாவியையும் காட்டி, திருகிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மறுத்தால் மற்றவர் முன்னால் பயந்ததாகிவிடும். ஆகவே பிடித்தார்கள்.

மோட்டார் முனகியது. பூமி புரண்டு படுத்தது, முழங்கையை ஊன்றி எழுவதுபோல் எழுந்தது. கண்டங்களில் சுருக்கம் நீங்கியது. கடல்கள் பளபளத்தன. டைரக்டர் கைதட்டி, போதும் என்றார்.

“முதல்ல அவர விடச் சொல்லுங்க” என்றார் தளபதி டைரக்டரிடம்.

“அவர் விடட்டும், நான் விடறேன்னு சொல்லுங்க” என்றார் பேராசிரியர், அதே டைரக்டரிடம்.

டைரக்டர் தூதராக ஓடினார். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. ஒவ்வொரு முறையும் பூமி பெருத்திருந்ததால் சுற்றுவழி நீண்டது. கடைசியில் பூமி அவரைச் சுவரோடு சேர்த்து அமுக்கியது. கைகுலுக்கும் தலைவர்கள் இருவருக்கு நடுவே மூன்றாமவராக ஒட்டிக்கொண்டார். பூமி கூரையைத் தொட்டு, தையல் நறநறத்தது. பீரங்கிக்காரர் மின்சாரத்தை நிறுத்தத் தலைதெறிக்கக் கீழே ஓடினார். மெயின் சுவிட்ச் தரைத்தளத்தில், போர்க்கூடத்தில்தான் இருந்தது.

இதற்குள் தளபதி பேராசிரியர் கண்ணுக்கும், பேராசிரியர் தளபதி கண்ணுக்கும் மறைந்துவிட்டார்கள். அவர் விட்டாரா என்று இவருக்குத் தெரியாது. வாசலில் ஸ்டூல்மேல் நின்ற சமாதானம்மாவுக்கு மட்டும் இரண்டு கையும் தெரிந்தன. பூமி வெடித்தால் கூடத்தோடு தன் கதையும் முடிந்தது என்றும் தெரிந்தது.

“ஐயா, நான் ரெண்டு பேரையும் பாத்துட்டுதான் இருக்கேன். மூணு எண்ணுறேன், சேந்தாப்புல விட்டுடுங்க.”

“மூணு சொல்லும்போதா, சொல்லி முடிச்ச அப்புறமா?” என்றார் தளபதி.

“நானும் அதத்தான் கேக்க வாயெடுத்தேன்” என்றது பூமியின் மறுபக்கம்.

இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள் என்பது இருவருக்குமே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. சமாதானம்மா எண்ணினார். மூன்று வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை.

“ரெண்டு பேருமே விடல. ரெண்டு பேருமே அடுத்தவர் விடறாரான்னு எட்டிப் பாத்தீங்க. இந்த வயசுல” என்றார் சமாதானம்மா.

ஒரு பக்கத்திலிருந்து தும்மல்போல ஒன்று கேட்டது. தளபதி சிரிப்பை அடக்குகிறார் என்று பேராசிரியருக்குத் தெரிந்தது. கூடாரத்தில் கேட்டுப் பழகிய சத்தம். அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பில் தோள் குலுங்க, எந்தக் கை முதலில் நழுவியது என்று ஸ்டூல்மேல் இருந்தவருக்கே தெரியவில்லை. பூமி, பெரிய மனிதர்கள் முன்னால் விடக்கூடாத ஒரு நீண்ட சத்தத்தை விட்டபடி அடங்கியது. அந்தச் சத்தம் ஓய்ந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கரண்ட் போனது.

டைரக்டர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஆளில்லா விமானங்களைப் பற்றிப் பேச்செடுத்தார்.

“அதெல்லாம் வெளியில தொங்கவிடுங்க, மழையில நனையட்டும். இந்தக் கூடத்த மூடாதீங்க” என்றார் தளபதி. பேராசிரியர், தன் வாழ்நாளில் முதல் முறையாக, தளபதி சொன்னதை அப்படியே ஆமோதித்தார். எதற்கும் இன்னொரு முறை ஊதிப் பார்க்கலாமா என்றும் கேட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் பீரங்கிக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏவுகணையின் முன்னால் ஒரு சிறுமி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“மாமா, சாவி எங்க?”

“மேல மூணாவது மாடில.”

“அங்க என்ன வெடிக்கும்?”

பீரங்கிக்காரர் முந்தின நாளை நினைத்துப் பார்த்தார். “சிரிப்பு” என்றார்.

பிள்ளைகள் லிஃப்டுக்குக் கூடக் காத்திருக்காமல் படிக்கட்டில் பாய்ந்தார்கள். கூடம் காலியானது. பீரங்கியைச் சுட்டால் கேட்க ஆளில்லை. ஆகவே அவரும் பின்னாலேயே ஏறினார்.