கடைசி வரியைப் பாடாதவர்

செய்தி வந்தபோது நான் முடிதிருத்தும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தேன். கைபேசியில், நோரா குடியிருந்த வீட்டுக்காரர் கன்னியம்மாள் பேசினார். "சார், நோராம்மா காலையில எழுந்துக்கல. காபி எடுத்துக்கினு மேல போனேன். தூங்குற மாதிரியேதான் இருந்தாங்க. டாக்டரு வந்து பாத்துட்டு சொல்லிட்டாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார். "அவங்க தம்பிக்கு சொல்லணும் சார். இங்கிலீஷ்ல சொல்லணும். நீங்க வாங்க."

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். என் ஆங்கிலம் ஒருவருக்கு இவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது அதுவே முதல் முறை. மீதித் தலையை மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தேன்.

நோராவை அறிந்தவர்களுக்கு அவர் அயர்லாந்துக்காரர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊருக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முக்தி வேண்டி வருகிறார்கள். கிடைக்காவிட்டால் ஆறு மாதம் விசாவை நீட்டிக்கிறார்கள். நோரா ஒரு தோழிக்குத் துணையாக வந்தவர். தோழி மூன்றாம் வாரமே கொசுவுக்கு அஞ்சிக் கிளம்பிவிட்டார். நோரா தங்கிவிட்டார். அவருக்கிருந்த ஆசை முக்தியைவிடச் சிறியது. ஐம்பது ஆண்டுகளாகத் தன்னோடு பேசாத தம்பி மார்ட்டின் ஒரு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அவர் செங்கம் சாலைப் பக்கம் ஒரு விடுதியில் இருந்தார். காலையில் துணி துவைக்கும்போது பாடுவார். பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் மௌனத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். விடுதிக்காரர் என்னைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்கச் சொன்னார். "அம்மாவ தப்பா நெனக்காதீங்கன்னு சொல்லுங்க சார். குரலு நல்லாத்தான் இருக்குது. ஆனா நாங்க ரூம் குடுக்குறதே சத்தம் கம்மின்னுதான்." நான் சொன்னேன். நோரா அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதிலை இன்றைக்கும் பலரிடம் திருப்பிச் சொல்கிறேன். "மௌனமா? எங்கள் ஊரில் அது மண்டிக் கிடந்தது. தாங்க முடியாமல்தானே கிளம்பினேன்."

இப்படித்தான் அவர் கன்னியம்மாள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். கன்னியம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு மாடு, பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அவித்த மல்லாட்டைக் கடை. நிலக்கடலையை மல்லாட்டை என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் விளையும்.

அந்த ஆண்டு அறுவடையில் பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நோராவும் போய் நடுவில் உட்கார்ந்தார். ஆய்ந்துகொண்டே கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். சுருதிப்பெட்டி இல்லை, தாளம் இல்லை. குரல் மட்டும் தனியாக மலைச்சரிவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. முடிவில் திடீரென்று பாட்டு நின்றது. கடைசி வரியை, பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்பதுபோல, வெறும் பேச்சாகச் சொல்லி முடித்தார்.

பெண்கள் பதறிவிட்டார்கள். ஒருத்தி சொம்பை நீட்டினாள், ஒருத்தி முதுகைத் தடவினாள். "மூச்சு முட்டிடுச்சு அக்கா. வயசாச்சுல்ல? வெயிலு வேற ஜாஸ்தி." நோரா தண்ணீரைக் குடித்துவிட்டு, வரப்பில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டு விளக்கினேன். அவர்கள் ஊரில் பழைய பாட்டுக்காரர்களின் வழக்கமே அது. கடைசி வரியைப் பாட மாட்டார்கள், பேசிவிடுவார்கள். பாட்டு முடிந்தது, எழுந்துபோய் அவரவர் வேலையைப் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

"நல்ல பழக்கம்" என்றார் கன்னியம்மாள். "நம்ம ஊருல மைக்கைப் புடிச்சவனுக்கு இதச் சொல்லிக் குடுக்கணும்."

இன்னொரு வழக்கமும் உண்டு. பாடுகிறவரின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாட்டின் போக்குக்கு ஏற்ப மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாடுகிறவரை உணர்ச்சி அடித்துக்கொண்டு போய்விடாமல் இருப்பதற்காம். இந்தப் பொறுப்பை கன்னியம்மாள் ஏற்றுக்கொண்டார். கேழ்வரகு அரைக்கும் கல் எந்திரத்தைச் சுற்றிப் பழகிய கை அது. முதல் நாள் அவர் சுற்றிய வேகத்தில் நான்கு நிமிடப் பாட்டு இரண்டரை நிமிடத்தில் மாவாக வந்து விழுந்தது. நோரா சிரித்துச் சிரித்துச் செடிகள்மேல் சாய்ந்துவிட்டார்.

பாட்டு மாடுகளைப் பற்றியது. புயலுக்கு முன்னால் மலையிலிருந்து மாடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைக்கும் பாட்டு. நோராவின் அப்பா பாடியது. கடைசி வரி: 'கதவைச் சாத்துங்கள், எல்லாம் உள்ளே வந்துவிட்டன.' ஒரு பௌர்ணமி மாலை மல்லாட்டைக் கடையில் இதைப் பாடியபோது கிரிவலம் வந்த குடும்பம் ஒன்று கைகூப்பி நின்றது. "என்ன மந்திரம்மா?" என்று கேட்டார்கள். நோரா தனக்குத் தெரிந்த தமிழில், "மாடு. வா வா மாடு" என்றார். அவர்கள் இன்னும் பணிவாகக் கும்பிட்டார்கள். உட்பொருள் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஊரில் அடுப்புக்கு விறகு கிடையாது. சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல்போல வெட்டி, காயவைத்து, குளிர்காலம் முழுக்க எரிக்கிறார்கள். இதைக் கேட்டு கன்னியம்மாள், "மண்ணையா எரிப்பாங்க?" என்று வாயைப் பிளந்தார். பிறகு தானே தேறிக்கொண்டு, "நாம வரட்டி எரிக்கிறோமே, அதுபோலத்தான்" என்றார். அந்த வேலைக்குக் குடும்பமே வேண்டும். அப்பா வெட்டுவார், நோரா அதை ஏந்தி வீசுவார், மார்ட்டின் பரப்பித் திருப்பிப்போட்டு அடுக்குவார். நோராவுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு நகரத்து மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்தது. பாதி மண் தரையில் கிடக்கையிலேயே பேருந்து ஏறிவிட்டார். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. அள்ள ஆள் போதாமல் அந்தப் பாதி கரைந்து சேறானது. அந்தக் குளிர்காலத்தில் ஒரே அறையில்தான் நெருப்பு. மார்ட்டின் அதை மறக்கவில்லை. போரும் சமாதானமும் நடந்திருக்கின்றன, அரசுகள் மாறியிருக்கின்றன. நனைந்த மண்கட்டி மட்டும் ஐம்பது ஆண்டுகளாகக் காயவில்லை.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் நோராவுக்கு ஆறுதல் சொன்னார்கள். விடுதியில் ஒருவர், காலமே ஒரு மாயை என்றார். நான்கூட, வாலிப வயது என்று ஏதோ சொன்னேன். கன்னியம்மாள் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். "தப்பு உன் மேலதாம்மா. நீ வேலைக்குப் போனது தப்பில்ல. பாதி வேலைய போட்டுட்டு போனதுதான் தப்பு. அத அவருகிட்டயே சொல்லிடு."

சென்ற ஆண்டு மருத்துவர், இதயம் பலவீனம், உரக்கப் பாடக் கூடாது என்று சொன்ன மறுநாள், நோரா தம்பியை அழைக்க முடிவு செய்தார். பிற்பகல் நேரம். கீழே திண்ணையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மாடியில் புதிய மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. எண்ணை நான்தான் அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். அந்தப் பக்கம் கரகரத்த ஒரு குரல். நோரா தன் பெயரைச் சொன்னார். பதில் இல்லை. "பாதி வேலையில் போய்விட்டேன் மார்ட்டின். என் தப்புதான்" என்றார்.  வைத்துவிடுவார் என்று எங்களுக்குத் தோன்றியது.

கன்னியம்மாள் நோராவின் வலக்கையைப் பிடித்தார். "பாடும்மா. மெல்லப் பாடு" என்றார்.

நோரா பாடினார். மாடுகள் ஒவ்வொன்றாக மலை இறங்கின. கன்னியம்மாளின் கை இம்முறை தூங்கும் குழந்தையின் தூளியை ஆட்டுவதுபோல அவ்வளவு மெதுவாகச் சுற்றியது. கடைசி வரி வந்தது. நோராவுக்குக் குரல் எழவில்லை; வாய் மட்டும் திறந்திருந்தது. சுற்றிக்கொண்டிருந்த கையும் நின்றது.

அப்போது கைபேசியிலிருந்து அந்தக் கரகரத்த குரல் ஒரு வரியைப் பேசியது. அவர்கள் மொழி, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கன்னியம்மாள், "சாத்திட்டாரு சார், கதவ" என்றார்.

பிறகு மார்ட்டின் ஆங்கிலத்துக்கு வந்தார். அங்கே என்ன பயிர், இப்போது என்ன வேலை என்று கேட்டார். மாடியில் கடலை காய்கிறது என்றார் நோரா. வானம் எப்படி? கொஞ்சம் மேகம். "அப்படியானால் போனை வை. போய் உள்ளே எடு" என்றார் மார்ட்டின். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் தம்பி இட்ட முதல் கட்டளைக்கு இப்படிக் கீழ்ப்படிந்தவர் உலகில் இருக்க மாட்டார். இதய நோயாளி மாடிப்படியில் ஏறி ஓடினார். கன்னியம்மாள், "மெதுவா, மெதுவா, நீ வுழுந்தா யாரு தூக்குறது!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். மழை வரவில்லை. அதை மார்ட்டினிடம் சொல்ல வேண்டாம் என்று நோரா எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குப் பின் ஞாயிறுதோறும் இரண்டு ஊர் வானிலையையும் பேசிக்கொண்டார்கள்.

நோராவின் மறைவன்று மூன்று குழுவினர் மாலையோடு வந்து, அவர் தங்கள் வழியில்தான் முக்தி அடைந்தார் என்று ஆளுக்கொரு விதமாக விளக்கினார்கள். கன்னியம்மாள் எல்லோரையும் கேட்டுவிட்டு, "அவங்க மல்லாட்டை ஆஞ்சாங்க, பாடுனாங்க, சிரிச்சாங்க. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்றார்.

மார்ட்டினிடம் நான்தான் செய்தியைச் சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்; அதனால் ஒரு பயனும் இல்லை. அவர், இந்த ஆண்டுக் கடலை என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டார். பாதி இன்னும் மாடியில்தான் என்றேன். வானம் எப்படி என்று மட்டும் கேட்டார். எனக்குப் புரிந்தது; போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

நோராவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை மூன்று மாடுகளின் பெயர்கள், மௌனத்தைப் பற்றிய ஒரு பதில், எதையும் முடிக்கும் ஒரு முறை. இந்தக் கட்டுரையின் கடைசி வரியையும் அவர் வழக்கப்படி பேசிவிட்டு எழுந்துகொள்கிறேன்.

மல்லாட்டை எல்லாம் காஞ்சி உள்ள வந்துடுச்சு நோராம்மா. ஒரு காய்கூட நனையல.