ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பூக் கேட்டது

என் மூத்தவன் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் செத்துப்போனபோது அவனுக்கு நாலு வயது. மூன்று நாள் வயிற்றுவலி, வாந்தி, வயிறு பானையாக உப்பியது, அவ்வளவுதான். டாக்டர் என் கணவரைக் கூப்பிட்டு, அறுத்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும், அப்பா சம்மதித்துக் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார். பெற்றவள் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும். என்னை யார் கேட்டது?

என் தோளில் கிடந்த இரண்டு வயது மகளும் காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

கணவர் தன் அப்பாவைப் பார்த்தார். குழம்பில் உப்புப் போதுமா என்பதற்கே அப்பாவைப் பார்க்கிறவர். மாமனார் தாடியைச் சொறிந்தார்.

"கொழந்த ஒடம்புல கத்தி வெக்கச் சொல்ல நாம யாருப்பா? சாமிகிட்ட பூக் கேட்டுப் பாக்கலாம்."

எங்கள் வீட்டில் மாடு வாங்கவும் பூ, பெண் எடுக்கவும் பூ. ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. குழந்தை எடுப்பது வெள்ளையானால் சாமிக்குச் சம்மதம். என்னையும் அப்படித்தான் எடுத்தார்கள், ஆகவே சாமி தவறே செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். சாவுத் தீட்டோடு சாமியைக் கூப்பிடலாமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு கல்லுக்கு மஞ்சள் தடவி உட்கார வைத்தாயிற்று.

பொட்டலம் கட்டும் வேலை மட்டும் எனக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நந்தியாவட்டையும் இருந்தது, செவ்வரளியும் இருந்தது. நான் செவ்வரளிப் பக்கமே போகவில்லை.

மகள் அழுதுகொண்டே ஒன்றை எடுத்தாள். மாமனார் பிரித்தார், வெள்ளை. அதோடு விட்டிருக்கலாம். மனுஷர் இன்னொன்றையும் பிரித்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் தோளில் சுருண்டிருந்தவளைப் பார்த்தார். பொட்டலத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"சாமி சொல்லிருச்சு. வைடா கைநாட்ட," என்றார் மகனிடம்.

அறுத்துப் பார்த்ததில், என் மகனின் குடலை நாக்குப்பூச்சி பந்து பந்தாக அடைத்திருந்ததாம். மகளுக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். தையல் போட்ட வயிறு தெரியாதபடி மகனுக்குச் சட்டை மாட்டிப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். சாயங்காலம் புதைத்தோம்.

மறுநாள் மகள் வெளிக்குப் போனதை மாமனார் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"இங்க வாம்மா. பூராவும் பூச்சி, வந்துருச்சு."

ஓடிப்போய் அந்த அசிங்கத்தைப் பார்த்துச் சிரித்தேன், அப்படியொரு சந்தோஷம். மகனை அறுக்கக் கொடுத்தது சாமியில்லை, நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.