டிரங்குப் பெட்டிக்குள் கேட்ட சத்தம்

இதைக் கட்டுக்கதை என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். கட்டுக்கதையாக இருந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் நடந்தது. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

1943 ஜூன். நான் ராஜபாளையத்துக்காரன், பெயர் சத்தியநேசன். சண்டைக் காலம். கொல்லம் கடலில் சின்ன ரோந்துக் கப்பல் ஒன்றில் வேலை. எஞ்சின் அறையில் இருந்தவன் என் சிநேகிதன் தேவஇரக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ஒரு சனிக்கிழமை காலை கண்ணிவெடி கப்பலின் அடிவயிற்றைக் கிழித்தது. எஞ்சின் அறைக்குள் கடல் புகுந்தது. இரும்புக் கதவை அடைக்கச் சொல்லி உத்தரவு. அடைத்தது நான். உள்ளே தேவஇரக்கம் இருந்தான். தாழைத் திருகி முடித்ததும் உள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கப்பல் மூழ்கவில்லை. மணல் திட்டில் சாய்ந்து நின்றது. எங்களைப் படகில் கரைசேர்த்து, விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். அலை அடங்கிய பிறகு கப்பலை மீட்பார்களாம்.

வியாழக்கிழமை அவன் மனைவி பரிபூரணத்தைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலேறினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று பத்து. வெளியே சுள்ளென்ற வெயில்.

“அவிய ரொம்பக் கஷ்டப்பட்டாவளா அண்ணே?”

“இல்ல தாயி. ஒரு நிமிசந்தான்.”

அப்போது கேட்டது.

டொக்... டொக்... டொக்...

மூலையில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து.

“சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சது,” என்றாள். “தந்தி வந்தது ஞாயித்துக்கிழமை.”

பெட்டியைத் திறந்தாள். அவளுடைய கல்யாணச் சேலை. வேறொன்றும் இல்லை. தொட்டுப் பார்த்தேன். சொட்டச் சொட்ட ஈரம். எஞ்சின் எண்ணெய் நாற்றம்.

மூடினாள். மூன்று பதினேழு.

டொக்... டொக்... டொக்...

என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவிய சாகல அண்ணே. தந்தி குடுங்க. அந்தக் கதவத் திறக்கச் சொல்லுங்க.”

கதவைப் பற்றி நான் அவளிடம் சொல்லவேயில்லை.

“பிரமை தாயி...”

டொக்...

ஓடினேன்.

தெருமுனை வரைக்கும் கேட்டது.

தந்தி ஆபீஸ் வழியில்தான் இருந்தது. நான் நிற்கவில்லை.

மறுவாரம் கொல்லம் திரும்பியதும் கூட வேலை பார்த்த வீரணன் சொன்னான். கடல் புதன்கிழமையே அடங்கிவிட்டதாம். உள்ளே இருப்பது பிணம்தானே என்று யாரும் அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் கதவை வெட்டித் திறந்திருக்கிறார்கள். அறை முழுக்கத் தண்ணீர் நிரம்பவில்லை. மேலே கொஞ்சம் காற்று தங்கியிருந்தது.

உடம்பைச் சோதித்த டாக்டர் சொன்னாராம்... உயிர் போய் ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.